விடிந்தால் சாய்ந்து நிற்கும் வண்டி

இரவு படுக்கும்போது நேராக நின்ற வண்டி, விடியும்போது ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது. அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் (வீடாகவும் பயன்படும் வண்டி) வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த ஜிஎம்சி மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக. 1973 முதல் 1978 வரையிலான மாடல்களில் சுமார் 13,000 வண்டிகள்தான் வெளிவந்தன. அரை நூற்றாண்டு கடந்தும் அவற்றைச் சீராட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வண்டியின் பின்பகுதி விசித்திரமானது. எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்கே போவதால், பின்னால் குறுக்கு அச்சு கிடையாது. அதனால்தான் தரைத்தளத்தை அவ்வளவு தாழ்வாக வைக்க முடிந்தது. பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டுக்கும் நடுவே ரப்பர் காற்றுப்பை ஒன்று படுத்துக் கிடக்கும். காற்று ஏறினால் பை நீண்டு, சக்கரங்களைத் தாங்கும் இரு கைகளையும் எதிரெதிர்த் திசையில் தள்ளும்; சக்கரங்கள் தரையை அழுத்த, வண்டி எழும். நம் ஆம்னி பஸ்களின் ஏர் சஸ்பென்ஷனும் காற்றின் மேல்தான் நிற்கிறது. இங்கோ ஒரு பக்கத்துப் பின்பாரம் முழுவதும் ஒரே பையின் தலையில்.

வண்டி தாழ்ந்ததும் பலரும் புதுப் பைக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். அவசரம். காற்று உண்மையிலேயே வெளியேறியதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அரிசோனா பாலைவனத்தில் பகலில் 30 டிகிரி, விடியலில் 5 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 303லிருந்து 278. பைமேல் இருக்கும் பாரம் மாறவில்லை என்பதால், உள்ளே அழுத்தமும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்; சுருங்குவது கனஅளவு. பள்ளியில் படித்த சார்லஸ் விதிப்படி சுமார் 8 சதவீதம். ஒரு துளிக் காற்றுகூடப் போகாமலே வண்டி இறங்கிவிடும்! பைக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை அணைத்து வைத்துவிட்டு, வெயில் ஏறும்வரை பொறுத்துப் பாருங்கள். வண்டி தானாக எழுந்தால் குற்றவாளி குளிர். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்கியிருந்தாலும் குளிரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்து, வெயிலிலும் எழாமல் கிடந்தால் கசிவு உறுதி.

அடுத்தது, எங்கே? பை, குழாய், இணைப்பு, உயரத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு என்று சந்தேகப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருப்பதைவிடப் பாதையை இரண்டாக வெட்டுவதே புத்திசாலித்தனம். பையிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு, பையின் வாயில் டயர் வால்வு பொருத்திய ஓர் இணைப்பை மாட்டி, நேரடியாகக் காற்றடித்து ஓர் இரவு விட வேண்டும். காலையில் உயரம் குறையவில்லை என்றால் பை நிரபராதி. இந்த ஒரு சோதனை பட்டியலில் பெரும்பகுதியை அடித்துவிடும், செலவும் சொற்பம்.

அதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டிக்குள் அமுக்கலாம். 5 டன் வண்டியை எங்கே அமுக்குவது? தண்ணீரை வண்டியிடம் கொண்டுபோக வேண்டியதுதான். வெறும் தண்ணீரில் எழும் குமிழி உடனே உடைந்துவிடும். சோப்பு, தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துப் படலத்தை உடையாமல் விரியவிடுகிறது. மயிரிழைக் கசிவு நுரை கட்டச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதால் தெளித்த உடனே நகர்ந்துவிடக் கூடாது. நைலான் குழாயைச் சாய்வாக வெட்டிச் செருகிய இணைப்பு, உயரக் கட்டுப்பாட்டு வால்வின் காற்றுப்போக்கி, பையின் மடிப்பு ஆகிய மூன்றையும் விட்டுவிடக் கூடாது. வண்டி அசையாமல் நிற்கும்போது காற்றுப்போக்கியில் தொடர்ந்து நுரை வந்தால் வால்வுக்குள் தூசியோ துருவோ சிக்கியிருக்கலாம்.

அமோனியா கலந்த கிளீனரை மட்டும் தெளிக்கக் கூடாது. காரணம் நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா, இறுக்கத்தில் இருந்த பித்தளையைப் பிளந்தது என்பது 1921இல்தான் விளங்கியது. காற்றுக் குழாய் இணைப்புகளில் பலவும் அதே பித்தளை. அவையும் இறுக்கத்தில்தான் இருக்கின்றன.

பை வெடித்தாலோ இணைப்பு கழன்றாலோ கண் இமைக்கும் நேரத்தில் வண்டி தரையை நோக்கி இறங்கும். சோப்புத் தண்ணீரோடு கீழே போகும் முன், சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி நுழையாதீர்கள்.