கொதிக்க வைத்தால் போதுமா?



எங்கள் ஊர் ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் உள்ளது. வீட்டுக்குப் பின்னால் ஆயாவின் தோட்டம். கீரை, கத்தரி, முருங்கை எல்லாம் உண்டு. இரண்டு வருஷமாகக் கீரை இலையின் ஓரம் கருகுகிறது. மண்மேல் வெள்ளையாக உப்பு பூக்கிறது. கிணற்றுத் தண்ணியைக் குடிக்க வேண்டாம் என்றால், "நல்லா கொதிக்க வெச்சா எல்லாம் செத்துடும்டா கண்ணு" என்று ஆயா சொல்லும்.

ஒரு பாட்டில் தண்ணியைப் பள்ளிக்குக் கொண்டுவந்தேன். அறிவியல் ஐயா டி.டி.எஸ். மீட்டரை விட்டார். லிட்டருக்கு 2400 மில்லிகிராம்! 500-க்குள் இருப்பதே நல்லது. வேறு வழியில்லாவிட்டாலும் 2000-ஐத் தாண்டக்கூடாதாம்.

இது எப்படி வந்தது? தோல் கெடாமல் இருக்க உப்பு போடுவார்கள். பதப்படுத்தக் குரோமியம் சேர்ப்பார்கள். பல வருஷம் அந்தக் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றிலும் நிலத்திலும் விடப்பட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்துத் தீர்ப்பு சொன்னது. ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பு தீர்ப்பைக் கேட்டு வெளியே போய்விடாதே!

கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். உப்பும் குரோமியமும் ஆவியாகாது. தண்ணி வற்ற வற்ற அவற்றின் அளவு கூடும். ஆயா நம்பவில்லை. அதனால் ஒரு சட்டித் தண்ணியை அடுப்பில் முழுக்க வற்றவிட்டேன். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆயா விரலால் தொட்டுப் பார்த்துச்சு. "இதையா இத்தனை நாளும் குடிச்சோம்?" என்று கேட்டுச்சு. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

1. டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். குரோமியம் இருக்கிறதா என்று அறிய, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணியைச் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கக்கூடாது.

2. மழைநீரைத் தொட்டியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம். அது மண்ணின் உப்பையும் வேருக்குக் கீழே இறக்கிவிடும்.

3. தொழு உரம் நிறையப் போடலாம். மக்கிய உரம் குரோமியத்தின் கொடிய வகையைத் தீங்கு குறைந்த வகையாக மாற்ற உதவும்.

4. கீரையையும் கிழங்கையும் வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணில், பழைய சிமெண்டுச் சாக்கில் வளர்க்கலாம். அவற்றில்தான் மண் அதிகம் ஒட்டும்.

5. எந்தக் காய் என்றாலும் நல்ல தண்ணியில் கழுவியே சமைக்க வேண்டும்.

ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்கிறோம். இப்போது குடிக்கப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணிதான். ஆயா நாலு சாக்கில் கீரை விதைத்திருக்கிறது. முளை விட்டாச்சு!

உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணியையும் ஒரு பாட்டிலில் கொண்டுவாருங்கள். ஐயா சோதித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்