கர்ப்பிணியிடம் கேட்கப்படாத கேள்வி

சென்ற ஆண்டு பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டிற்கு வண்ணம் பூச வந்த இளைஞர், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமொன்றில் பிறந்து வளர்ந்தவர். மனைவிக்கு நான்காவது மாதம் என்றார். இரவில் உறக்கமில்லை, சோறு இறங்கவில்லை, அடிக்கடி அழுகிறார். மசக்கை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். சற்று நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே, "நமக்குப் பிறக்கிற பிள்ளையும் முகாம் பிள்ளைதானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் ஐயா" என்றார். அது வெறும் மசக்கையன்று என்பது பொருளாதாரம் மட்டுமே படித்த எனக்கும் விளங்கியது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்கிய இடப்பெயர்வு 1990, 1995, 2006 என அலை அலையாகத் தொடர்ந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்தனர். தமிழக அரசு 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, 108 முகாம்களில் 58,822 பேர் வாழ்ந்தனர். எங்கள் மாவட்டத்தில் பரமத்தியிலும், அண்டை மாவட்டத்தில் பவானிசாகரிலும் முகாம்கள் உண்டு. வயிற்றில் பிள்ளையோடு படகேறி வந்த பெண்கள் இன்று பாட்டிகள். இப்போது கருவுற்றிருப்பவர்கள் போரைக் கண்ணால் காணாதவர்கள். ஆனால் அதன் கதைகளைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 விழுக்காட்டினருக்கும், குழந்தை பெற்றவர்களில் 19.8 விழுக்காட்டினருக்கும் மனநலப் பாதிப்பு ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதில் பெரும்பங்கு மனச்சோர்வு. அமைதியான ஊர்களையும் சேர்த்த கணக்கு இது. போர் பாதித்த பகுதிகளில், ஆண் பெண் அனைவரிலும், ஐந்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருக்கிறது. சிகிச்சை பெறாத மனச்சோர்வு குறைப்பிரசவத்துடனும் எடை குறைந்த குழந்தையுடனும் தொடர்புடையது. பொருளியலாளர்கள் இதில் அக்கறை கொள்வதற்குக் காரணம் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நிலவிய போர்க்காலப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களை ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தாயின் பட்டினி, பிள்ளையின் நடுவயது உடல்நலம் வரை தடம் பதித்திருந்தது. பட்டினியும் மனத்துயரும் ஒன்றல்ல என்பது சரியே. ஆனால் அகதி வாழ்வில் அவை தனித்தனியே வருவது அரிது.

இடப்பெயர்வு பறித்துக்கொள்வதில் வீடு, நிலம், நகை ஆகியவற்றுக்குத்தான் கணக்கெடுக்கிறோம். தாய்வீட்டை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே விசைத்தறிக் கூலிக் குடும்பத்தில்கூட, கட்டுச்சோற்று விருந்து வைத்து மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துச் செல்லாத தாய் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத்தூள் இடித்துப் பத்தியக்கறி வைப்பது அம்மாவின் உரிமை. மனநல ஆலோசனை என்ற பெயர் வருவதற்கு முன்பே நம் சமூகம் செய்து வைத்திருந்த ஏற்பாடு அது. மகள் இங்கும் தாய் மன்னாரிலும் என்று பிரிந்தபோது அந்த ஏற்பாடு முறிந்தது. யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் பிணைத்திருந்த உறவுகளையே அறுக்கிறது என்று நெடுங்காலமாக எழுதி வருகிறார். அங்குள்ள 'சாந்திகம்' போன்ற அமைப்புகள் உள்ளூர் மக்களையே உளவளத் துணையாளர்களாகப் பயிற்றுவித்தன.

உறக்கமின்மை, பசியின்மை, சோர்வு மூன்றும் மனச்சோர்வின் அடையாளங்கள். கர்ப்பத்தின் இயல்பும் அவையே. அதனால்தான் நோய் மசக்கையின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இச்சிக்கலை உணர்ந்து 1987-இல் வெளிவந்ததே எடின்பரோ வினாத்தாள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, அச்சம் இருந்ததா, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பன போன்ற பத்தே கேள்விகள். அதன் தமிழ் வடிவமும் ஆய்வில் சரிபார்க்கப்பட்டுள்ளது. எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சோகை எல்லாம் பார்க்கும் நாம், பத்து நிமிடம் செலவிட்டு இதைக் கேட்பதில்லை.

கேட்டபின் யார் பார்த்துக்கொள்வது? மனநல மருத்துவர் போதாத நாட்டில் நியாயமான வினா. பாகிஸ்தானின் ராவல்பிண்டி அருகே கிராமங்களில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. மனச்சோர்வுற்ற ஏறத்தாழ 900 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த அந்த ஆய்வு 2008-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. சில நாட்களே பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று பேசினர். 'உனக்கு நோய்' என்று தொடங்கவில்லை. குழந்தையின் நலம் பற்றியே தொடங்கினர். மாமியாரும் கதவைத் திறந்தார். குழந்தைக்கு ஆறு மாதமானபோது இத்துணை பெற்ற தாய்மார்களில் 23 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 53 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு நீடித்தது. உலக சுகாதார நிறுவனம் இம்முறையைக் கையேடாகவே வெளியிட்டுள்ளது.

நம்மிடம் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார், மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, 14416 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. இல்லாதது இவற்றை முகாமின் வாசலோடு இணைக்கும் ஆள். ஒவ்வொரு முகாமிலும் பிள்ளை பெற்று வளர்த்த ஒரு பெண்ணைத் தேர்ந்து, பயிற்சியும் மாத ஊதியமும் தரலாம். சேவை என்று சொல்லி ஊதியத்தை மறுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். சிகிச்சைக்குப் போனால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் அவர் பதில் சொல்லலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

ஆனால் அந்த இளைஞரின் மனைவி எழுப்பிய கேள்விக்கு எந்த ஆலோசகராலும் விடை கூற இயலாது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் நிபந்தனை மேலும் இறுகியது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். வண்ணம் பூச வந்தவரின் மனைவி பிறந்தது 1998-இல். அவருக்கு அத்தீர்ப்பு பொருந்தாது. பிறக்கவிருந்த குழந்தைக்கும் பொருந்தாது.