ஒரு கோடி அதிர்வில் ஒரு நொடி

பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் அன்றைய பேர் கிடைக்காமல் போகும் என்பது தோட்டத்தில் வாழும் நமக்குத் தெரியும். ஆகவே சரியான நேரத்தின் அருமையை யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரம் எப்படிப் பிறக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் 1999 நவம்பர் 6 முதல் ஓட்டுநர் இல்லாத இலகு ரயில் ஓடுகிறது. அதை நடத்துபவை கணினிகள். பொதுவாகக் கணினிக்குத் தாளம் போடுவது குவார்ட்ஸ் என்னும் சிறு படிகம். மின்சாரம் கொடுத்தால் அது ஒரே சீராக அதிரும்.

ஒரு படிகம் நொடிக்கு 1 கோடி முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியதோ நொடிக்கு ஒரே ஒரு துடிப்பு. என்ன செய்வது? பால் வாளிகளை எண்ணுகிறவர் பத்துக்கு ஒரு கோடு கிழிக்கிறார் அல்லவா? மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லும் அப்படித்தான் எண்ணுகிறது. ஒரு கட்டளையை முடிக்க அதற்கு 4 அதிர்வு ஆகுமானால், 25 லட்சம் கட்டளைகள் முடிந்ததும் 1 கோடி நிறையும். உடனே ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணும்.

நொடிதோறும் ஒரே ஒரு கட்டளை கூடிப்போனால்? அந்தக் கடிகாரம் ஓராண்டில் 12 நொடிக்கு மேல் பிந்திவிடும்! சிறு பிழையும் நாள்தோறும் சேர்ந்தால் பெரிதாகும்.

நம் கைக்கடிகாரப் படிகம் பெரும்பாலும் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பாதி பாதியாக 15 முறை வகுத்தால் என்ன வரும்? இன்றிரவு பிள்ளைகளைச் சிலேட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.