இன்வெர்ட்டர் பேட்டரி: வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?

தமிழகத்தில் 2008 நவம்பரில் மின் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. 2012-இல் மாவட்டங்களில் பல மணி நேரம் மின்சாரம் நின்றது. 2015 ஜூனில் கட்டுப்பாடு முழுமையாக விலக்கப்பட்டது. அந்த ஏழாண்டு காலத்தில்தான் இன்வெர்ட்டர் ஊர் ஊராகக் கடைகளுக்குள் வந்து சேர்ந்தது. 2016-இல் நம் மாவட்டத்தின் கமுதியிலேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்துவிட்டது. என்றாலும் பராமரிப்பு நாளிலும் காற்று மழையிலும் மின்சாரம் நிற்கத்தான் செய்கிறது. இன்வெர்ட்டர் வாங்கும்போது பேட்டரியின் அளவை மட்டும் கேட்கிறோம். அதற்குள் இருக்கும் சார்ஜரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பேட்டரி சீக்கிரம் சாவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

நடுத்தர மளிகைக் கடை ஒன்றின் கணக்கைப் பார்ப்போம். மூன்று எல்.இ.டி. குழல் விளக்கு 60 வாட், இரண்டு மின்விசிறி 140 வாட், பில் போடும் கணினியும் பிரிண்டரும் 100 வாட். ஆக 300 வாட். 12 வோல்ட் பேட்டரியில் இதற்கு 25 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டரில் ஏற்படும் நஷ்டத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 ஆம்பியர். அதாவது ஒரு மணி நேர மின்வெட்டில் 30 ஆம்பியர்-மணி செலவு.

வரவு என்ன? 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் சார்ஜ் அளவு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர். ஒரு மணி நேரம் கரண்ட் வந்தால் வரவு 15தான்; அதிலும் கொஞ்சம் வெப்பமாக வீணாகும். ஒரு மணி உண்டு, ஒரு மணி இல்லை என்று கரண்ட் மாறி மாறி வரும் நாளில், ஒவ்வொரு சுற்றிலும் பாதிக்கு மேல் கடன் நிற்கும். மாலைக்குள் இன்வெர்ட்டர் 'பீப்' போட்டு நின்றுவிடும். மிஷினில் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். கோளாறு மிஷினில் இல்லை, கணக்கில். அப்படிப்பட்ட நாட்களில் சுமையை 125 வாட்டுக்குள் வைத்தால்தான் வரவும் செலவும் நேராகும்: ஒரு விசிறியையும் ஒரு விளக்கையும் நிறுத்தலாம், கணினியை பில் போடும்போது மட்டும் இயக்கலாம்.

சார்ஜ் முழுமையாக ஏறாமலே நாள்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எத்தனை மணி சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. சரி, 15-க்குப் பதில் 40 ஆம்பியர் கொடுத்துவிடலாமே என்றால், தண்ணீர் கொதிப்பதுபோல் வாயு கிளம்பும், தகடு சூடாகி உதிரும். ஆகவே பேட்டரி தயாரிப்பாளர் குறித்துள்ள உச்ச ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது. ஏறக்குறைய காலியான பேட்டரி நிறைய 10 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். இதில் குறுக்கு வழி கிடையாது.

சார்ஜரும் உங்கள் மீட்டரிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். 15 ஆம்பியருக்கு லைனில் 250 முதல் 300 வாட் வரை இழுக்கும். கரண்ட் வந்த நிமிடத்தில் விளக்கு, விசிறி, குளிர்பானப் பெட்டி எல்லாம் ஒன்றாக ஓடும். அவற்றோடு இதுவும் சேரும். மின்வாரியத்தில் நீங்கள் பெற்றுள்ள மின்பளுவில் இதற்கும் இடம் விட வேண்டும். சிறிய ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 800 வாட் கொடுக்கும் ஜெனரேட்டரில் கடைச் சுமை 300, குளிர்பானப் பெட்டி 200, சார்ஜர் 300 என்றால் விளிம்பில் நிற்கிறது. பெட்டியின் கம்ப்ரசர் கிளம்பும்போது பல மடங்கு இழுத்து ஜெனரேட்டரை மூச்சடைக்க வைக்கும். சில ரக இன்வெர்ட்டர்களில் சுமை கூடும்போது சார்ஜர் தானே குறைந்து வழிவிடும். அந்த வசதி இல்லாதவற்றில், சார்ஜ் அளவைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் குறைந்த நிலையில் வைக்க வேண்டும்.

சோலார் தகடு சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 500 வாட் தகடு நல்ல வெயிலில் 30 ஆம்பியர் வரை தரக்கூடும். அதே நேரத்தில் லைன் சார்ஜரும் 15 கொடுத்தால் ஒரே பேட்டரிக்கு 45. வெயில் இருக்கும்போது லைன் சார்ஜரை நிறுத்தி, போதாதபோது மட்டும் அதைத் திறந்துவிடும் கட்டுப்பாட்டுக் கருவி அவசியம். தனித்தனியாக இரண்டை வாங்கி ஒட்டுப்போடுவது லாபமல்ல.

மாலையில் வோல்டேஜ் 170-க்கு இறங்கும் லைன் கடைசித் தெருக்களில் வேறொரு தொல்லை. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'யூ.பி.எஸ்.', 'நார்மல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யூ.பி.எஸ். நிலையில் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறிவிடும். கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்வது இப்படித்தான். கணினிக்கு மட்டும் தனி சிறு யூ.பி.எஸ். வைத்து, இன்வெர்ட்டரை நார்மலில் விடலாம். ஆனால் குளிர்பானப் பெட்டியை அதில் கோக்காமல், தனி ஸ்டெபிலைசரில் போடுங்கள்.

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கடைகளுக்கு உப்புக் காற்று கூடுதல் எதிரி. பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்தால் அங்கே மின்தடை கூடி, சார்ஜ் ஏறுவது குறையும். மின் இணைப்பை நிறுத்திவிட்டுச் சோடா உப்புக் கரைசலில் துடைத்து, உலர்ந்தபின் வாஸ்லின் தடவலாம். கரைசல் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது. உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் பேட்டரியை வைக்காதீர்கள். கிணற்று நீரையோ குடிநீரையோ ஊற்றாதீர்கள், டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். சார்ஜ் ஏறும்போது வெளியாகும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. கல்லாவுக்கு மேலே சாமி விளக்கும் கீழே பேட்டரியும் என்ற அமைப்பு பல கடைகளில் உண்டு. இரண்டில் ஒன்றை இடம் மாற்றுங்கள்.