சொன்னபடி கேட்காத சிப்புகள்

எடை மேடையில் லாரி ஏறி நிற்கிறது. அதன் எடை கணினிக்குப் போய்ச் சேர்வது, பல இடங்களில் இன்றும் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் கேபிள் வழியாகத்தான். ஒன்றன்பின் ஒன்றாக வரும் பிட்டுகளைச் சேர்த்து எழுத்தாக்கித் தரும் சிப்புக்கு யூஆர்ட் என்று பெயர்.

நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஏறக்குறைய 87 மைக்ரோவிநாடிக்கு ஓர் எழுத்து வரும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் சீரியல் அட்டையில் இருந்த 8250 சிப், வந்த எழுத்துகளில் ஒன்றைத்தான் வைத்திருக்கும். கணினி எடுக்கத் தாமதித்தால் அடுத்தது வந்து அதை அழித்துவிடும். இதற்காகவே 16550 சிப்பில் 16 எழுத்து கொள்ளும் வரிசையை வைத்தது நேஷனல் செமிகண்டக்டர். அந்த வரிசையோ பழுது. 16550ஏ என்று திருத்தி வெளியிட்டார்கள். ஆனால் கணினிகளில் ஏற்கெனவே ஏறிவிட்ட சிப்புகளை யார் கழற்றுவது?

அந்தச் சுமை, சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதுபவர் தலையில் விழுந்தது. லினக்ஸின் சீரியல் டிரைவர் (அதன் பெயரில் இன்றும் 8250 இருக்கிறது) முதலில் வரிசையை இயக்கச் சொல்லிவிட்டு, சிப்பின் ஒரு ரெஜிஸ்டரில் மேல் இரண்டு பிட்டுகளைப் படிக்கிறது. இரண்டும் 1 என்றால் 16550ஏ. மேல் பிட் மட்டும் 1 என்றால் பழைய 16550. அப்போது டிரைவர் வரிசை இருப்பதையே மறந்துவிட்டு ஒவ்வோர் எழுத்தாக அனுப்புகிறது.

என்னை வியக்க வைப்பது இன்னொரு சோதனை. அனுப்ப வேண்டியது தீர்ந்ததும், "அடுத்ததைக் கொடு" என்று சிப் இன்டரப்ட் எழுப்ப வேண்டும். அந்த இன்டரப்டை அணைத்துவிட்டு மறுபடி இயக்கினால், சிப் சும்மா இருக்கும்வரை மீண்டும் கேட்க வேண்டும். சில சிப்புகள் ஒருமுறை கேட்டதோடு வாய் மூடிக்கொள்ளும். டிரைவர் காத்திருக்கும், சிப்பும் காத்திருக்கும், தரவு நடுவழியில் நிற்கும். அதனால் போர்ட்டைத் திறக்கும்போதே டிரைவர் இன்டரப்டை இயக்கி, அணைத்து, மறுபடி இயக்கிப் பார்க்கிறது. இரண்டாம் முறை குரல் வராவிட்டால், அவ்வப்போது தானே எட்டிப் பார்க்க ஒரு டைமரை வைத்துக்கொள்கிறது. மருத்துவர் முழங்காலைத் தட்டிப் பார்ப்பது போன்ற சோதனை இது!

சினாப்சிஸின் டிசைன்வேர் யூஆர்ட்டுக்கு வேறொரு குணம். வேலையாக இருக்கும்போது அமைப்பை மாற்றச் சொன்னால் அந்தக் கட்டளையை ஏற்காது. எழுதியது பதிந்ததா என்று திரும்பப் படித்துப் பார்க்கிறது டிரைவர். பதியாவிட்டால் மறுபடி எழுதுகிறது.

டிரைவரில் இந்தச் சோதனைகளைச் செய்யும் நிரல் வரிகளுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அது இல்லையென்றால் பின்னால் வருபவர் வீண் வரி என்று நீக்கிவிடுவார், எங்கோ ஓர் எடை மேடை நின்றுபோகும். டிரைவர் எழுதும் இளைஞர்களே, எந்தச் சிப்பில் என்ன கோளாறைக் கண்டு அந்த வரியைச் சேர்த்தீர்கள் என்பதை அங்கேயே எழுதிவையுங்கள்.