கொகுமோன் தீவின் கொலைகள்

துப்பறியும் நாவல் என்றதும் நம்மில் பலர் முகஞ்சுளிப்பதுண்டு. ரயிலில் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிடும் சரக்கு என்பதே எமது இலக்கிய வட்டங்களின் பொதுவான தீர்ப்பு. பெரும்பாலும் அது சரியான தீர்ப்புத்தான். ஆனால் யப்பானிய எழுத்தாளர் செய்ஷி யொகொமிஸோவின் (1902-1981) ‘கொகுமோன் தீவு’ நாவலையும் அந்தக் குவியலுக்குள் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 2022இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பை, தொழிற்சாலையின் இரவு வேலை இடைவேளைகளில் படித்து முடித்தேன். கொலையாளிகள் யாரென்பதை இங்கு வெளிப்படையாகச் சொல்லப்போகிறேன். அதை மறைத்துக்கொண்டு இந்நாவலைப் பற்றி உருப்படியாக எதையும் பேசமுடியாது.

யுத்த காலத்தில் யப்பானில் துப்பறியும் கதைகள் எழுதுவது ஏறக்குறைய முடியாத காரியமாக்கப்பட்டிருந்தது. 1945இல் யொகொமிஸோ தன் குடும்பத்துடன் ஒகயாமா மாகாணக் கிராமமொன்றுக்கு இடம்பெயர்ந்தார். யுத்தம் முடிந்தபின் அங்கிருந்தபடியே எழுதத் தொடங்கினார். ‘கொகுமோன் தீவு’ 1947 தொடக்கம் 1948 வரை ‘ஹோசெகி’ என்ற சஞ்சிகையில் தொடராக வந்தது.

கதை 1946இல் நிகழ்கிறது. நியூகினியில் போரிட்டுத் திரும்பிய துப்பறிவாளர் கிந்தாய்ச்சி, செத்தோ உள்நாட்டுக் கடலிலுள்ள ஒரு சிறு தீவுக்கு மரணச் செய்தியொன்றைக் கொண்டு வருகிறார். கூடப் போரிட்ட சிமாதா நாடு திரும்பும் கப்பலிலேயே இறந்துவிட்டான். தான் வீடு திரும்பாவிட்டால் தன் மூன்று தங்கைகளும் கொல்லப்படுவார்கள் என்பது அவனது கடைசி வார்த்தை. அப்படியே நடக்கிறது. மூவரும் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். ஒவ்வொரு உடலும் ஒரு ஹைக்கூவின் காட்சியைப் போல ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது. அந்த ஹைக்கூக்கள் கிந்தாய்ச்சி தங்கியிருந்த அறையின் மடிப்புத்திரையிலேயே இருந்தன. கையெழுத்துத்தான் அவருக்கு விளங்கவில்லை. இதற்கிடையில் தீவின் பொலிஸ்காரர் சந்தேகத்தில் அவரையே பிடித்து அடைத்தும் விடுகிறார்!

அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய புகழ்பெற்ற தீவு நாவலில் பத்து அந்நியர்கள் ஒரு தீவில் கூட்டப்படுகிறார்கள். அங்கே கடல் என்பது வெறும் பூட்டிய கதவு. யொகொமிஸோவின் தீவு அப்படியல்ல. அது ஒரு சமூகம். வலைகளுக்குச் சொந்தக்காரரான தலைமை வீடு, அந்த வீட்டை நம்பிக் கடலுக்குப் போகும் கூலிகள், கோயில் குரு, ஊர்த்தலைவர், வைத்தியர் என எல்லோரும் அதில் இருக்கிறார்கள். கொலைகளைச் செய்தவர்களும் இந்தக் கடைசி மூவர்தான், ஆளுக்கொன்றாக. அவர்களுக்கு அந்தப் பெண்கள்மீது பகையில்லை. காசும் நோக்கமில்லை. தலைமை வீட்டுக் கிழவர் இறக்கும் தறுவாயில் கேட்டுக்கொண்டதை நிறைவேற்றினார்கள், அவ்வளவுதான். பேரன் சிமாதா இறந்து, கிளைவழிப் பேரன் ஹிதொஷி உயிரோடிருந்தால், தலைமை ஹிதொஷிக்கே போகவேண்டும். அதற்கு மூன்று பேத்திகளும் தடை.

ஏன் தடை? 1898ஆம் ஆண்டின் குடியியல் சட்டப்படி வீட்டுத்தலைமை மூத்த ஆண்மகனுக்குரியது. நேர்வழியில் ஆண் இல்லாதபோது நேர்வழிப் பெண், கிளைவழி ஆணுக்கு முந்துவாள். ஆகவே சட்டம் பெண்ணுக்குக் கொடுத்த ஒரு சிறு இடமே அவர்களின் உயிரை வாங்கியது. என்னை மிகவும் யோசிக்கவைத்த விடயம் இதற்கு அடுத்தது. 1947 டிசெம்பரில் இச்சட்டம் திருத்தப்பட்டு, வீட்டுத்தலைமை என்ற நிறுவனமே 1948 ஜனவரி 1இலிருந்து இல்லாதொழிந்தது. அப்போது தொடர் வெளிவந்துகொண்டிருந்தது. எதைக் காப்பாற்ற மூன்று கொலைகள் நடந்தனவோ அது வாசகரின் கண்முன்னாலேயே செத்துக்கொண்டிருந்தது.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் உடலைக் கண்டதும் குரு ‘கிச்சிகாய்’ என்று முணுமுணுக்கிறார். பைத்தியம் என்று அதற்குப் பொருள். வீட்டுக்குள் கூண்டில் அடைக்கப்பட்டிருக்கும் பெண்களின் தகப்பனைக் குறிக்கிறார் என்று கிந்தாய்ச்சி நினைக்கிறார். உண்மையில் குரு சொன்னது ‘பருவம் பிழை’ என்பது. அதே ஒலி, வேறு எழுத்து. வசந்தகாலத்து ஹைக்கூவுக்கு இலையுதிர் காலத்தில் கொலை செய்ய நேர்ந்ததே என்ற கவலை அவருக்கு! ஒரு பெண்ணின் பிணத்துக்கு முன்னால் நின்று கவிதையின் இலக்கணத்துக்காக வருந்தும் இந்த மனிதரை, படித்த நாம் கொஞ்சம் உற்றுப் பார்ப்பது நல்லது.

இறுதியில் தெரிகிறது, ஹிதொஷியும் உயிரோடில்லை. அவன் உயிருடன் இருக்கிறான் என்று செய்தி கொண்டுவந்தவன் ஒரு மோசடிக்காரன். சாவுச் செய்தி சொன்னால் ஒன்றும் கிடைக்காது, நல்ல செய்தி சொன்னால் விருந்தும் அன்பளிப்பும் கிடைக்கும் என்பதை அறிந்தவன். 2009க்குப் பின்னர் காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மாரிடம் ‘உங்கட மகன் இருக்கிறான்’ என்று சொல்லிக் காசு வாங்கிப்போனவர்களை அறிந்த நமக்கு இந்தப் பாத்திரத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

குறையும் உண்டு. கொல்லப்படும் மூன்று சகோதரிகளும் அழகான, புத்தி பேதலித்த பொம்மைகளாகவே வருகிறார்கள். அவர்களின் மனதுக்குள் நாவல் எட்டிப்பார்ப்பதேயில்லை. ஊர்ப் பெரியவர்களின் பார்வையை ஆசிரியரும் ஓரளவு பகிர்ந்துகொண்டிருக்கிறார் என்றே நான் கருதுகிறேன். ஹிதொஷியின் தங்கை சனாயே மட்டும் ஒரு மனுஷியாக உருவாகிறாள். தோக்கியோவுக்கு வரும்படி கிந்தாய்ச்சி கேட்க, அவள் மறுத்துவிடுகிறாள். வலைகளையும் கூலிகளையும் இனி அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 1949இன் புதிய மீன்பிடிச் சட்டம் வரும்வரைக்குமாவது.