படம் பாதியில் நின்றால் பழி யார் மேல்?



பெட்டிக்கடை முதல் மொத்தக் கிடங்கு வரை இன்று கண்காணிப்புக் கேமரா வந்துவிட்டது. கல்லாவுக்கு மேல் ஒன்று, வாசலில் ஒன்று என்று மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் தேவைப்படும் நாளில் அந்தப் படம் ஓட வேண்டுமே!

சென்ற ஆண்டு எங்கள் மளிகைக் கடைக்கு 25 கிலோ அரிசி மூட்டை 40 வந்ததாகப் பில். மாலையில் எண்ணினால் 37தான் இருந்தது. சரக்கை இறக்கி அடுக்கியவர் 11 ஆண்டுகளாக எங்களிடம் வேலை பார்ப்பவர். பேச்சு மெல்ல அவர் பக்கம் திரும்பியது. பதிவை பென் டிரைவில் எடுத்து, இரவு வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். மூட்டை இறங்கும் கட்டத்தில் படம் அப்படியே உறைந்து நின்றது. பிறகு இரண்டு நிமிடம் தாண்டிக் குதித்தது. அந்த இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்பதுதானே கேள்வி!

பதிவு கெட்டுவிட்டது என்றார் ஒருவர். கம்ப்யூட்டரை மாற்றுங்கள் என்றார் இன்னொருவர். இரண்டுமே அவசர முடிவு. கணக்கு உதைத்தால் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்ப்பதுபோல் இதையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டக் கூடாது. வேகம் குறைந்த பென் டிரைவ் படத்தை நிறுத்தி நிறுத்தித்தான் தரும். பதிவைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்துகொண்டு ஓட்டுங்கள்.

இரண்டாவது, எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே விநாடியில் நின்றால், பெரும்பாலும் பதிவில்தான் கோளாறு. ரெக்கார்டரிலிருந்து மறுபடி எடுத்துப் பாருங்கள். இடம் மாறி மாறி நின்றால் கம்ப்யூட்டரைச் சந்தேகிக்கலாம். கால் மணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு திணறினால் சூடு காரணமாக இருக்கலாம். மாவுத் தூளும் மிளகாய்த் தூளும் பறக்கும் நம் கடைகளில் கம்ப்யூட்டரின் விசிறி அடைத்துக்கொள்வது சகஜம். மின் இணைப்பை எடுத்துவிட்டுத் தூசியைத் துடைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, படம் ஓடும்போதே கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சி.பி.யூ. 100 சதவீதத்தைத் தொட்டால் கம்ப்யூட்டருக்குச் சுமை தாங்கவில்லை. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்ட் டிஸ்க் திணறுகிறது. முதல் வேலையாகக் கணக்கு வழக்குகளை வேறிடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

எங்கள் வீட்டில் சி.பி.யூ. 100ஐத் தொட்டது. காரணம் பிறகு புரிந்தது. வீடியோவைச் சுருக்கிக் கட்டும் முறைகளில் எச்.264 என்பது 2003இல் வந்தது. 2013இல் வந்த எச்.265 ஏறக்குறைய பாதி இடத்தில் அதே படத்தை அடக்கும். இறுக்கிக் கட்டிய மூட்டையைப் பிரிக்கக் கூடுதல் ஆள் பலம் வேண்டும் அல்லவா? அதற்கான தனி வசதி 2015க்கு முந்திய பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் கிடையாது. எங்கள் கேமரா எச்.265, வீட்டுக் கம்ப்யூட்டரோ 2012ஆம் வருடத்தது!

அதே பென் டிரைவை மைத்துனரின் புதிய லேப்டாப்பில் போட்டோம். தடங்கலின்றி ஓடியது. வண்டியிலிருந்து இறங்கியதே 37 மூட்டைதான். மொத்த வியாபாரியும் அதைப் பார்த்து, மீதி மூன்றை மறுநாளே அனுப்பிவைத்தார். ஊழியரிடம் நான் நேரில் வருத்தம் தெரிவித்தேன். அன்றிரவே அவசரப்பட்டிருந்தால் 11 ஆண்டு விசுவாசம் போயிருக்கும்.

உங்கள் கம்ப்யூட்டர் பழையது என்றால், ரெக்கார்டரை எச்.264க்கு மாற்றித் தரும்படி கேமரா மாட்டியவரிடம் கேளுங்கள். ஆனால் பதிவு அதிக இடம் பிடிக்கும். அதனால் குறைந்த நாட்களுக்கே நிற்கும். இடம் நிறைந்ததும் பழைய பதிவு தானாக அழிந்து புதியது ஏறும் என்பதை மறவாதீர்கள். தகராறு எழுந்த அன்றே தனிப் பிரதி எடுத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை பழைய பதிவு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். தராசைச் சோதிப்பதுபோல் இதுவும் நம் தொழிலின் ஒரு கடமையே.